விளக்கு அணையும் வரை வண்டி நிற்காது

ஏறுங்கள், ஏறுங்கள். பையை மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். கதவை இன்னும் கொஞ்சம் பலமாக... அவ்வளவுதான். செங்கப்பள்ளிக்குத்தானே? அதைத் தாண்டித்தான் போகிறோம். எந்த ஊருக்கு என்று மட்டும் கேட்காதீர்கள், எங்களுக்கு ஊர் கிடையாது. ஸ்டியரிங்குக்கு முன்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிகிறது, எட்டிப் பார்த்தால் தெரியும். சின்னப் பெட்டி, உள்ளே புள்ளி புள்ளியாக. அது அணைகிற இடம்தான் நாங்கள் போகிற ஊர். அணைந்ததும் திரும்பிவிடுவோம்.

ஓட்டுகிறவர் என் மனைவி கோகிலவாணி. ஈரோடு டெலிபோன் எக்சேஞ்சில் முப்பத்தைந்து வருடம் இருந்தவள். நான் செங்கோட்டுவேலு, ஓய்வுபெற்ற முத்திரை ஆய்வாளர். தராசு தராசாக இருக்கிறதா, பெட்ரோல் பங்கில் லிட்டர் லிட்டராக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை வைக்கிற வேலை. பெருந்துறை ஸ்டாப்பில் பஸ் உங்களை விட்டுவிட்டுப் போனதைப் பார்த்ததும் இவள்தான் சட்டென்று பிரேக் போட்டாள். இரக்க குணம் அதிகம்.

"இரக்கமெல்லாம் இல்லீங்க. இவருக்குப் பேசறதுக்கு ஒரு ஆளு வேணும். இல்லாட்டி என்னைய ஓட்ட உடமாட்டாரு."

கேட்டீர்களா? நகைச்சுவை. எக்சேஞ்சில் இருந்தவர்கள் எல்லோருமே இப்படித்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு டீசல் கார் உண்டா? பரவாயில்லை, இருந்தாலும் இல்லாவிட்டாலும் புரிகிற மாதிரி சொல்கிறேன். புகைக்குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது. தேன்கூடு மாதிரி. எஞ்சின் விடுகிற கரியை அது வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் நிரம்பும் அல்லவா? ஆகவே வண்டி அவ்வப்போது, நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கொஞ்சம் டீசலைக் கூடுதலாகச் செலுத்தி, வடிகட்டியை அறுநூறு டிகிரிக்குச் சூடாக்கி, அந்தக் கரியை எரித்துவிடும். மெக்கானிக்குகள் ரீஜென் என்பார்கள். நான் கரியெரிப்பு என்கிறேன். அகராதியில் இல்லை என்றால் சேர்த்துக்கொள்ளட்டும். இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடமும் வண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். வேகம் குறைந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் வண்டி அந்த வேலையைப் பாதியில் கைவிட்டுவிடும்.

"காபி ஃபில்டர் அடைச்சுக்கிட்ட மாதிரின்னு சொன்னாப் போதும்."

காபி ஃபில்டர் தன்னைத்தானே எரித்துக்கொள்ளுமா? உவமை என்றால் எல்லாப் பக்கமும் பொருந்த வேண்டும். இவள் எப்போதும் இப்படி அரைகுறையாக ஒன்றைச் சொல்லி விஷயத்தை முடித்துவிடப் பார்ப்பாள்.

நோயைச் சொல்வதற்கு முன் நோயாளியைச் சொல்ல வேண்டும். வண்டி வாங்கி மூன்று வருடம். ஒரு நாள்கூட நான் இதை வதைத்ததில்லை. சம்பத் நகர் வீட்டிலிருந்து நூலகம் ஒன்றே முக்கால் கிலோமீட்டர். அங்கிருந்து உழவர் சந்தை, பிறகு வீடு. ஐந்தாவது கியரில் நாற்பது. அதற்கு மேல் போனால் வீணாகக் காற்றைக் கிழிக்கிறோம், கீழே போனால் எஞ்சின் இருமும். சிக்னலில் நின்றால் உடனே எஞ்சினை அணைத்துவிடுவேன். டீசல் போடுவது ஒரே பங்க், ஒரே குழாய், காலை ஆறு மணி. வெயில் ஏறினால் டீசல் விரிந்துகொள்ளும், லிட்டருக்குள் சரக்கு குறையும். எல்லாவற்றையும் இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இதோ, பிடித்துப் பாருங்கள். தேதி, கிலோமீட்டர், லிட்டர், மைலேஜ், குறிப்பு. சராசரி பத்தொன்பது புள்ளி எட்டு. நகரத்துக்குள்! சிவப்பு மையில் இரண்டு இடம் இருக்கிறதே, பதின்மூன்று, பதின்மூன்று புள்ளி நான்கு என்று, அவை இவள் ஓட்டியவை. ஆமாம், இவளிடம் லைசென்ஸ் உண்டு. எனக்கு முன்பே எடுத்தவள். ஆனால் சாவி என்னிடம் இருக்கும். காரணம் அந்தச் சிவப்பு மை.

இல்லை இல்லை, நீங்கள் சொல்ல வருவது தெரிகிறது, சற்றுப் பொறுங்கள்.

முதலில் விளக்கு எரிந்தது சித்திரை மாதம். இறங்கி நாலு பக்கமும் பார்த்தேன். பிறகு வண்டியோடு கொடுத்த கையேட்டை எடுத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். நாட்டில் அதை முழுதாகப் படித்தவர்கள் இரண்டே பேர்தான் இருப்போம், நானும் அதை எழுதியவரும். இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் ஒரு வாக்கியம்: விளக்கு எரிந்தால் அது அணையும் வரை மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டவும். இதை ஒரு வாக்கியம் என்று சொல்வீர்களா? அறுபதுக்கு மேல் என்றால் எவ்வளவு மேல்? சமதரையிலா, ஏற்றத்திலா? எதிர்க்காற்றிலா? உடனே கம்பெனிக்கு ஏழு கேள்விகள் அடங்கிய கடிதம் எழுதினேன். பதிவுத் தபால், ஒப்புதல் அட்டையோடு. அட்டை வந்தது, பதில் வரவில்லை. ஆகவே நான் அந்த வாக்கியத்தைப் பின்பற்றவில்லை.

பிறகு வேறு அறிகுறிகள். வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் முன்னால் ஃபேன் மட்டும் உர்ரென்று சுற்றும். சில நாள் ஏதோ தீய்ந்த வாசனை. சும்மா நிற்கும்போதே எஞ்சின் சத்தம் கூடும். எல்லாவற்றையும் குறிப்புக் கட்டத்தில் எழுதினேன். ஆனால் நான் கண்டுபிடித்த முக்கியமான அறிகுறி மைலேஜ். இதோ இந்தத் திரையில் அந்தந்த நொடிக்கு எவ்வளவு மைலேஜ் என்று காட்டும். பத்தொன்பது, இருபது என்று போய்க்கொண்டிருக்கும். திடீரென்று, எந்தக் காரணமும் இல்லாமல், ஒன்பதுக்கு விழும். ஒரு மனிதனுக்கு நாடி இப்படிச் சரிந்தால் என்ன செய்வோம்? படுக்க வைப்போம். நானும் அதைத்தான் செய்தேன். ஓரமாக ஒரு வேப்பமர நிழல் பார்த்து நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் ஓய்வு கொடுப்பேன். திரும்ப ஸ்டார்ட் செய்தால் பத்தொன்பது! அதிசயம்! ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. முப்பத்தேழு தடவை இப்படிக் காப்பாற்றியிருக்கிறேன்.

ஏன் சிரிக்கிறீர்கள்?

"அவருக்கே புரிஞ்சுடுச்சு பாருங்க. ஏறி எட்டு நிமிசம் ஆகல."

ஓட்டுகிறவர்கள் சாலையைப் பார்த்து ஓட்டலாம். மூன்றாவது கியரிலேயே எழுபத்தைந்தில் போகிறாள், எஞ்சின் அலறுகிறது, கேட்கிறதா? வேறு நேரமாக இருந்தால் நான்... ஆ! பாருங்கள், பாருங்கள்! பதினேழில் இருந்தது. பதினொன்று. ஒன்பது. எட்டு! தொடங்கிவிட்டது! கரியெரிப்பு தொடங்கிவிட்டது! மணி என்ன உங்கள் கடிகாரத்தில்? ஒன்பது பன்னிரண்டா? என்னுடையதில் ஒன்பது பதினொன்றரை. என்னுடையதையே வைத்துக்கொள்வோம்.

இப்போது தெரிகிறதல்லவா, என்ன நடக்கிறது என்று? அந்த எட்டு இருக்கிறதே, அது நோயல்ல. அதுதான் சிகிச்சை. கூடுதல் டீசல் போவதால் மைலேஜ் விழுகிறது. நான் முப்பத்தேழு தடவை... சரி, அதைப் பிறகு சொல்கிறேன். கையைப் பின்சீட்டில் ஊன்றிக்கொள்ளுங்கள், இவள் லாரியைத் தாண்டப் போகிறாள்.

அப்பா. தாண்டிவிட்டாள்.

எங்கே விட்டேன்? அடுத்த அறிகுறி, எண்ணெய். அதைக் கேளுங்கள். மாதம் ஒரு முறை எஞ்சின் ஆயில் அளவைக் குச்சியை உருவிப் பார்ப்பது என் வழக்கம். ஆயில் குறைகிற கார்களைப் பார்த்திருப்பீர்கள். என் காரில் ஆயில் கூடியது! வைகாசியில் ஒரு கோடு. ஆனியில் இன்னும் அரைக் கோடு. இந்த வண்டி எண்ணெய் ஊறுகிற வண்டி, நன்றாக வைத்துக்கொண்டால் இயந்திரமும் சுரக்கும் என்று நூலகத்தில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். அதில் ஒருவர் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். அவரே தலையை ஆட்டினார்.

"அவரு உங்ககிட்ட இருந்து தப்பிச்சுப் போறதுக்குத் தலையாட்டியிருப்பாரு."

போன வாரம் வண்டி இழுக்க மறுத்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் முனகுகிறது. இன்னொரு விளக்கும் எரிந்தது. வேறு வழியில்லாமல் பெருந்துறை ரோட்டில் யூனுஸ் பாய் பட்டறைக்கு விட்டோம். நாங்கள் என்றால், இவளும் கூடவே வந்தாள். யூனுஸ் பாய் அதிகம் பேச மாட்டார். நான் நோட்டைப் பிரித்து அறிகுறிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பாட்டுக்கு ஆயில் குச்சியை உருவி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என் மூக்கருகே.

"மோந்து பாருங்க சார். இதுல பாதி டீசலு."

கரியெரிப்பு தொடங்கும்போது வண்டி கூடுதல் டீசலை ஊற்றுகிறதா? பாதியில் நிறுத்தினால் அந்த டீசல் எரியாமல் வடிந்து ஆயிலோடு சேர்ந்துவிடுமாம். சுரந்ததெல்லாம் அதுதான். நோட்டில் 'ஆயில் கூடியது' என்று எழுதியிருந்த இரண்டு வரிகளையும் அடித்தேன்.

பிறகு அவர் ஸ்கேனரை மாட்டினார். பெடலுக்கு மேலே ஒரு சொருகி இருக்கிறது, அதில் மாட்டினால் வண்டி தன் ஜாதகத்தையே சொல்லும். கரி எண்பத்தேழு சதவீதம். அதற்குக் கீழே இரண்டு எண்கள். கரியெரிப்பு தொடங்கியது முப்பத்தொன்பது தடவை. முடிந்தது இரண்டு.

"முப்பத்தொம்பது தடவ கொளுத்தியிருக்கு சார். முப்பத்தேழு தடவ யாரோ அணைச்சிருக்காங்க" என்றார் யூனுஸ் பாய். யாரோ என்றார், கவனியுங்கள். பண்பாளர்.

அந்த இரண்டு எப்போது முடிந்தது என்று ஸ்கேனரில் கிலோமீட்டர் கணக்கு இருந்தது. பதினோராயிரத்து நானூற்று எண்பத்திரண்டில் ஒன்று. பதினேழாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறில் ஒன்று. என்னிடம்தான் நோட்டு இருக்கிறதே! வேகமாகப் புரட்டினேன். முதலாவது, எனக்குக் கண் புரை ஆபரேஷன் செய்த நாள். கண்ணில் கட்டோடு நான் பின்சீட்டில் படுத்திருக்க, இவள் கோயமுத்தூரிலிருந்து ஓட்டி வந்தாள். இரண்டாவது, எனக்குச் சிக்குன்குனியா. இவள் மட்டும் நாமக்கல்லில் சித்தி மகள் வீட்டுச் சீருக்குப் போய் வந்தாள். இரண்டுக்கும் சிவப்பு மை. பதின்மூன்று, பதின்மூன்று புள்ளி நான்கு.

தற்செயல் என்றேன். இரண்டே இரண்டு தரவுகளை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வரக்கூடாது, இது அறிவியலின் பாலபாடம்.

இவள் என்ன சொன்னாள் தெரியுமா? பட்டறையில், நாலு பேர் எதிரில்?

"அந்தக் காலத்துல வெளியூருக்கு டிரங்கு கால் போடறப்போ, லைனு பாதியில கட்டாச்சுன்னா மொதல்ல இருந்து புக் பண்ணணும். ஈரோட்டுல இருந்து மதுரை, மதுரையில இருந்து ராம்நாடு, எல்லாரையும் மறுபடி கூப்பிடணும். நான் முப்பத்தஞ்சு வருசத்துல ஒருத்தரோட பேச்சையும் பாதியில வெட்டுனதில்ல பாய். இவரு அந்த வண்டிய ஒரு தடவகூடப் பேசி முடிக்க உட்டதில்ல."

யூனுஸ் பாய் கையைத் துடைத்துக்கொண்டே, "இதத்தான் சார் நான் ஒரு மணி நேரமாச் சொல்ல வந்தது" என்றார்.

நான் குறுக்கே பேசுகிறவன் என்று ஒரு பெயர். நீங்களே சொல்லுங்கள், ஏறியதிலிருந்து ஒரு தடவையாவது... இருங்கள், டோல்கேட் வருகிறது.

ஐயோ, எத்தனை வண்டி! கோகிலா, இடது ஓரம். இடது ஓரம்! அங்கே மூன்றுதான் நிற்கிறது. வலது ஓரத்துக்கு ஏன் போகிறாய்? வலதில் ஐந்து... ஐந்தும் போய்விட்டதா? சரி. சரி. இடதில் ஒருவனுக்கு அட்டை வேலை செய்யவில்லை போலிருக்கிறது, கம்பி ஏறவே இல்லை. இவளுக்கு எப்படித் தெரிந்தது? எட்டு இன்னும் எட்டாகவே இருக்கிறதா? எட்டு. மூச்சு விடுங்கள். பன்னிரண்டு விநாடிதான் நின்றிருக்கிறோம்.

உங்கள் நெற்றியில் ஏன் வேர்க்கிறது? ஏசியைக் கூட்டச் சொல்லட்டுமா? எனக்கும் வேர்க்கிறது. உங்களுக்கு இன்னும் பந்தயத்தைச் சொல்லவில்லையே!

யூனுஸ் பாய் நேற்று ஆயிலை மாற்றிவிட்டுச் சொன்னார்: "கடைசி சான்ஸ் சார். பைபாஸ்ல எழுபது எண்பதுல போங்க. மூணு, நாலாவது கியரு. நிக்கவே கூடாது. இந்தத் தடவையும் பாதியில நின்னுச்சுன்னா ஃபில்டரைக் கழட்டித்தான் ஆவணும்." பிறகு யார் ஓட்டப்போவது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் ஸ்கேனரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். "அம்மா ஓட்டட்டும் சார். நீங்க கூட உக்காந்து குறிப்பு எழுதுங்க" என்றார். குறிப்பு எழுதுவது எவ்வளவு முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அப்போது இவள் சொன்னாள்: "விளக்கு அணைஞ்சுதுன்னா இனிமே சாவி எங்கிட்ட. அணையலைன்னா உங்ககிட்டயே இருக்கட்டும், நான் சாகற வரைக்கும் கேக்கமாட்டேன். பாய், நீங்க சாட்சி."

சாவி எதற்கு என்கிறீர்கள்? தனுஷ்கோடி. எக்சேஞ்சில் இவளோடு இருந்த மூன்று பேர், சகுந்தலாமணி, ரோஸ்லின், மெஹ்ராஜ். எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. நாலு வருடமாகத் திட்டம் போடுகிறார்கள். தாங்களே காரை ஓட்டிக்கொண்டு தனுஷ்கோடி வரை போவதாம். ராமேஸ்வரம் ஆபரேட்டர் லைனில் வந்தால் அவர் பேச்சுக்குப் பின்னால் ஓயென்று காற்றுச் சத்தம் கேட்குமாம். முப்பத்தைந்து வருடம் காதால் கேட்ட அந்தக் காற்றை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். காற்றைப் பார்க்க முடியாது, உணரத்தான் முடியும் என்று திருத்தினேன். ரயில் இருக்கிறதே என்றும் சொன்னேன். இரண்டு ரயில்களின் நேரத்தை எழுதிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு இவள் தனுஷ்கோடியைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை. சமாதானமாகிவிட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குள் என்ன ஓடுகிறது என்று உங்களிடம் மறைப்பானேன்? விளக்கு அணைய வேண்டும். என் வண்டி, மூன்று வருடம் கண்ணுக்குள் வைத்துப் பார்த்த வண்டி. ஆனால் இவள் கையில் அணைய வேண்டாம். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வழி உண்டா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். கிடையாது.

மணி ஒன்பது இருபத்தாறு. இன்னும் எட்டுதான் காட்டுகிறது. அதோ செங்கப்பள்ளி. மேம்பாலம் தெரிகிறதல்லவா? உங்கள் ஸ்டாப் கீழே, சர்வீஸ் ரோட்டில். பாலத்தில் ஏறிவிட்டால் இறங்க முடியாது.

கொஞ்சம் முன்னால் குனியுங்கள். இன்னும் கொஞ்சம். இரகசியமாகச் சொல்கிறேன். நீங்கள் விருந்தாளி. இறங்க வேண்டிய இடத்தில் இறங்குவது உங்கள் உரிமை. 'நான் இங்கேதான் இறங்க வேண்டும்' என்று நீங்கள் உரக்க ஒரு வார்த்தை சொன்னால் நாகரிகம் தெரிந்த யாரும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். நான் நிறுத்தச் சொல்லவில்லை. நான் நடுநிலை. உங்கள் நலனுக்காகச் சொல்கிறேன். அவசர வேலையாக இருக்கும். பாவம், அப்போதே நெற்றி வேர்த்திருந்தது.

சொல்லுங்கள். இதுதான் நேரம்.

என்ன? அவினாசி வரை வருகிறீர்களா? உங்களுக்கு அவினாசியில் என்ன வேலை? வேலை இல்லை, விளக்கு அணைவதைப் பார்க்க வேண்டுமா?

"நல்லா இருப்பீங்க தம்பி! கெட்டியாப் புடிச்சுக்குங்க!"

ஏறிவிட்டாள். பாலத்தில் ஏறிவிட்டாள். எண்பது! நாலாவது கியர். எண்பத்திரண்டு! யார் பெற்ற பிள்ளையோ நீங்கள், அரை மணி நேரத்தில் கட்சி மாறிவிட்டீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். எனக்கும் ஏனோ சிரிப்பு வருகிறது. இந்தச் சாலையில் நான் எண்பதில் போனதே இல்லை. எப்போதும் எல்லா லாரியும் என்னைத் தாண்டிப் போகும், பின்னால் எழுதியிருப்பதை எல்லாம் படித்துக்கொண்டே வருவேன். இன்றைக்குத்தான் முதல் தடவையாக லாரிகளின் முகத்தைப் பார்க்கிறேன்.

அந்த வாசனை வருகிறதா? தீய்ந்த வாசனை? அதுதான். மூன்று வருடக் கரி. வேப்பமரத்தடியில் எத்தனை தடவை மூக்கைப் பிடித்துக்கொண்டு இந்த வாசனையை அணைத்திருக்கிறேன்! இப்போது முகர்ந்தால் ஒன்றும் மோசமில்லை. கொஞ்சம் சாம்பிராணி மாதிரிகூட...

...

இல்லை, ஒன்றுமில்லை. சும்மாதான் பேச்சை நிறுத்தினேன். தொண்டை வறண்டுவிட்டது. நான் பேசாமல் இருந்ததே இல்லையா என்ன?

தண்ணீர் வேண்டாம்.

வெளியே பாருங்கள், நல்ல தென்னந்தோப்பு.

"என்னாச்சு உங்களுக்கு? ஏனுங்க? அந்தத் திரைய எதுக்கு நோட்டு வெச்சு மறைக்கறீங்க?"

வெயில் படுகிறது.

"நோட்ட எடுங்க."

சரி. எடுத்துவிட்டேன். இருபத்தொன்று. மைலேஜ் எட்டிலிருந்து இருபத்தொன்றுக்கு ஏறிவிட்டது. விளக்கு அணைந்துவிட்டது. ஆமாம், கோகிலா, அணைந்துவிட்டது. ஒன்பது முப்பத்துநாலுக்கு. இப்போது ஒன்பது முப்பத்தாறு, பத்து விநாடி. இரண்டு நிமிடம் பத்து விநாடி நான் சொல்லாமல் இருந்தேன். தம்பி, முப்பத்துமூன்று வருட சர்வீஸில் எத்தனை பேருடைய தராசைப் பறிமுதல் செய்திருக்கிறேன்! தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைத்தவனை எல்லாம் பிடித்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் இப்போது வரிசையாக வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

நீ ஏன் அழுகிறாய்? ஓட்டும்போது அழக்கூடாது. கண் மறைக்கும். சிரிக்கிறாளா? நீங்கள் அங்கிருந்து பாருங்கள், எனக்குத் தெரியவில்லை. இரண்டுமா?

சரி. அவினாசி வந்துவிட்டது. கோகிலா, அந்த யூ-டர்னில் திருப்பு, இவரைச் செங்கப்பள்ளியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். திருப்பு. யூ-டர்ன் போய்விட்டதே! எங்கே ஓரம் கட்டுகிறாய்? அங்கே யாரோ பெண்கள் நிற்கிறார்கள்.

அது சகுந்தலாமணி அல்லவா? அந்தத் தொப்பி போட்டது ரோஸ்லின். மெஹ்ராஜ் ஏன் கூலிங் கிளாஸ் போட்டிருக்கிறாள்? என்ன இத்தனை பைகள்? ஒரு டிபன் கேரியர், ஒரு தண்ணீர் கேன், கோரைப்பாய் வேறு.

"எட்டு மணில இருந்து நிக்கறாங்க. எறங்குங்க. தம்பி, நீங்களும் எறங்கிக்குங்க, செங்கப்பள்ளிக்கு எதிர்த்தாப்புல நெறைய பஸ்ஸு."

நான் எதற்கு இறங்க வேண்டும்? விளக்கு அணையாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பாய்? இத்தனை பேரை இங்கே வெயிலில் நிற்க வைத்துவிட்டு?

"அணையும்னு தெரியும். முப்பத்தொம்பது தடவையும் அது முடிக்கணும்னுதானே ஆரம்பிச்சுது? இந்தாங்க, வீட்டுச் சாவி. இட்லி மாவு ஃபிரிட்ஜுல இருக்குது. நாலு நாளைக்கு வரும். நாளைக்குக் காலைல அந்தக் காத்தப் பாத்துட்டுப் போன் பண்றேன். நோட்ட எடுத்துக்கிட்டுப் போங்க, எங்களுக்கு வேண்டாம்."

வணக்கம் சகுந்தலாமணி. வணக்கம், வணக்கம். ஆமாம், முப்பத்தேழு தடவையும் நான்தான் அணைத்தேன். இல்லை, விளக்கை அல்ல. அது பெரிய கதை, இவர் சொல்வார். பையை டிக்கியில் இப்படி வைக்கக் கூடாது, எடை பின்பக்கமாகச் சாயும். கேரியரை முன்னால்... சரி, உங்கள் இஷ்டம்.

தள்ளி நில்லுங்கள் தம்பி, புறப்படுகிறார்கள்.

கேட்டீர்களா அந்தச் சத்தத்தை? எஞ்சின் முனகவே இல்லை. வாங்கிய அன்றைக்குக்கூட இப்படிக் கேட்டதில்லை. திருப்பூர் ரோட்டில் திரும்புகிறாள். தாராபுரம் வழியாகப் போவாள். டீசல் முக்கால் டேங்க் இருக்கிறது, மதுரை வரை கவலையில்லை. போகிறாளே! கொஞ்சம் இந்த நோட்டைப் பிடியுங்கள்.

கோகிலா! ஏய், கோகிலா! நிறுத்தாதே! எங்கேயும் பாதியில் நிறுத்தாதே!

கேட்டிருக்குமா?

கேட்டிருக்காது. கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். ஏசி போட்டிருப்பார்கள். நாலு பேர், அத்தனை பை, ஏசி, எண்பது கிலோமீட்டர் வேகம். மைலேஜ் பன்னிரண்டுகூட... விடுங்கள். வாருங்கள், பஸ் அந்தப் பக்கம்.